'-எம்64' பிழை வந்தால் மேக்ஃபைலில் கை வைக்காதீர்கள்

எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகைச் செயலி) கணினியில் உட்கார்ந்து, வேறு வகைச் செயலியான ஆர்ம்64 உள்ள போர்டுக்கு லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மைய நிரல்) பில்ட் செய்யும் ஸ்கிரிப்ட் ஒன்று, அதே கோளாறோடு மறுபடியும் வந்திருக்கிறது. '-எம்64 என்ற ஆப்ஷன் தெரியவில்லை' என்று ஜிசிசி கம்பைலர் நின்றிருக்கிறது. உடனே ஆர்ச்/எக்ஸ்86 அடைவுக்குள் போய் மேக்ஃபைலில் (பில்ட் விதிகள் உள்ள கோப்பு) அந்த -எம்64-ஐயே அழித்திருக்கிறார்கள். பிறகு -எம்னோ-ரெட்-சோன், -எம்சிமாடல்=கர்னல் என்று வரிசையாக அழிப்பு. ஆர்ம் பில்டுக்குள் எக்ஸ்86 அடைவு எப்படி வந்தது என்று முதல் பிழையிலேயே கேட்டிருக்க வேண்டாமா?

கிராஸ்_கம்பைல் என்ற மாறியைக் கொடுத்தால் போதும் என்ற நினைப்புதான் இத்தனைக்கும் காரணம். போதாது. அது கருவிகளின் பெயருக்கு முன்னால் ஒட்டும் எழுத்துகள், அவ்வளவே. 'ஏஆர்ச்64-லினக்ஸ்-க்னூ-' என்று கொடுத்தால் அதன் பின்னால் ஜிசிசி, எல்டி, ஆப்ஜ்காப்பி என்று, பில்டை நடத்தும் மேக் நிரல் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் உள்ள '-' குறியை விட்டுவிட்டால் 'க்னூஜிசிசி' என்று இல்லாத நிரலைத் தேடும். எந்தச் செயலிக்கான கர்னல் என்பதை ஆர்ச் என்ற மாறிதான் தீர்மானிக்கிறது. அதைக் கொடுக்காவிட்டால் 'யூநேம் -எம்' சொல்வதை, அதாவது உங்கள் கணினியின் எக்ஸ்86-ஐ, எடுத்துக்கொள்ளும். ஆர்ச்சுக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய மதிப்பு 'ஆர்ம்64'. கம்பைலர் பெயரைப் பார்த்து 'ஏஆர்ச்64' என்று போட்டால் அப்படி ஓர் அடைவே கர்னல் மூலத்தில் கிடையாது.

ஆர்ச், கிராஸ்_கம்பைல் இரண்டையும் ஒவ்வொரு மேக் கட்டளைக்கும் கொடுக்க வேண்டும். டெஃப்கான்ஃபிக்குக்கு (இயல்பு அமைப்புகளை எழுதும் கட்டளை) கொடுத்துவிட்டு மெனுகான்ஃபிக்குக்கு (அவற்றை மெனுவில் மாற்றும் கட்டளை) மறந்தால், சேமிக்கும்போது .கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பு எக்ஸ்86-க்கு மாறிவிடும். ஆகவே ஆர்ச், கிராஸ்_கம்பைல், வெளியீட்டு அடைவுக்கான 'ஓ' மூன்றையும் ஸ்கிரிப்ட்டின் தலையில் ஒரே பாஷ் அர்ரேயில் (பட்டியல் மாறி) வைத்து, எல்லா மேக் வரியிலும் அதையே பயன்படுத்துங்கள்.

உங்கள் கணினிக்கான கம்பைலரைக் குறிக்கும் ஹோஸ்ட்சிசி மாறியைத் தொடாதீர்கள். ஃபிக்ஸ்டெப், மோட்போஸ்ட் போன்றவை பில்டின் நடுவே உங்கள் கணினியில் ஓட வேண்டிய நிரல்கள். அவற்றை ஆர்முக்குக் கம்பைல் செய்தால் 'எக்ஸெக் ஃபார்மட் எரர்'தான் கிடைக்கும்.

லாக் எடுக்க மேக்கின் வெளியீட்டை டீ-க்கு (அதைத் திரைக்கும் கோப்புக்கும் சேர்த்து அனுப்பும் கட்டளை) பைப் செய்கிறீர்களா? 'செட் -ஓ பைப்ஃபெயில்' இல்லாவிட்டால் மேக் தோற்றாலும் ஸ்கிரிப்ட்டுக்குக் கிடைப்பது டீ-யின் 0, அதாவது 'வெற்றி' என்ற முடிவுக் குறி. பிழை வந்தால் ஸ்கிரிப்டை நிறுத்தும் 'செட் -ஈ' இருந்தும் பயனில்லை. போன வாரத்து கர்னல் இமேஜ் கோப்பு போர்டுக்குப் போய்ச் சேரும். பில்ட் முடிந்ததும், உருவான கர்னல் கோப்பான விஎம்லினக்ஸ் மீது 'ஃபைல்' கட்டளையை ஓட்டி, 'ஆர்ம் ஏஆர்ச்64' என்று வருகிறதா பாருங்கள்.

கடைசியாக, மாட்யூல்ஸ்_இன்ஸ்டாலுக்கு (கர்னல் மாட்யூல்களை நிறுவும் கட்டளை) ரூட் அனுமதியோடு ஓட்டும் சுடோ போடவே வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். சுடோ வழக்கமாகச் சூழல் மாறிகளைக் கழற்றிவிடும். எக்ஸ்போர்ட் செய்த ஆர்ச்சும், மாட்யூல்கள் எங்கே இறங்க வேண்டும் என்று சொல்லும் இன்ஸ்டால்_மோட்_பாத்தும் அதோடு போகும். இன்ஸ்டால்_மோட்_பாத் காலியானால் மாட்யூல்கள் இறங்குவது உங்கள் கணினியின் /லிப்/மாட்யூல்ஸுக்குள். உங்கள் பயனர் கணக்குக்குச் சொந்தமான அடைவை இன்ஸ்டால்_மோட்_பாத்தில் கொடுத்தால் ரூட் அனுமதியே தேவையில்லை. அப்போதும் 'பெர்மிஷன் டினைட்' வந்தால், சுடோ சேர்க்குமுன் இன்ஸ்டால்_மோட்_பாத்தின் மதிப்பை எக்கோ கட்டளையால் திரையில் காட்டிப் பாருங்கள். அநேகமாக அது காலியாகத்தான் இருக்கும்.