பிள்ளை தனியாக நடந்து போகிற தூரம்

பிள்ளைகள் நடக்க வேண்டும் என்றாலே பேச்சு உடற்பயிற்சிக்குப் போய்விடுகிறது. தவறில்லை. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளி 800 மீட்டரில் இருந்து விறுவிறுவென்று நடந்தால், போகவர அதில் ஏறக்குறைய 25 நிமிடம் தேறிவிடும். பகல் வெளிச்சத்தில் இருப்பது கிட்டப்பார்வை வரும் வாய்ப்பையும் குறைக்கிறது.

எங்கள் கணக்கில் இதைவிடப் பெரிய லாபம், துணையில்லாமல் போய்வருவது. வழி பிடிபடும், முடிவெடுக்கும் பழக்கம் வரும். இங்கிலாந்தில் 1971இல் 7–8 வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் தனியாகப் பள்ளிக்குப் போனார்கள். 1990இல் 9 சதவீதம்தான். பெற்றோர் முதலில் சொன்ன காரணம், வண்டிகள்.

பெரும்பாலும் முழு வழியும் கெட்டிருக்காது, ஓரிடம்தான் கெட்டிருக்கும். நடைபாதை 1.8 மீட்டர் என்று வரைபடம் சொல்லும். நடுவில் ஒரு மின்பெட்டி, ஒட்டி இரண்டு பைக். பிள்ளை சாலையில் இறங்கித்தான் ஆக வேண்டும். அதைவிட மோசம், கடக்கும் இடத்தை ஒட்டி நிறுத்திய கார். அங்கே குந்தி உட்கார்ந்து, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து பாருங்கள்: வரும் வண்டி தெரியாது, ஓட்டுநருக்கும் பிள்ளை தெரியாது.

இனி வேகம். உலர்ந்த சாலையில் 30 கி.மீ. வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் சுதாரிக்க ஒரு நொடி சேர்த்து, சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50 கி.மீ. வேகத்தில் அதே தூரத்தில் பிரேக்கே பிடித்திருக்காது. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளால் வரும் வண்டியின் வேகத்தைச் சரியாகக் கணிக்கவும் முடியாது. 'பார்த்துப் போ' என்று மட்டும் சொல்லி அனுப்புவது போதாது.

பழக்கும்போது அவசரம் வேண்டாம். முதலில் கூடவே நடந்து, எங்கே நிற்பது, எங்கே கடப்பது என்று முடிவு செய்யுங்கள். பிறகு பிள்ளை முன்னால், நீங்கள் பத்தடி பின்னால். வாய் திறக்கக் கூடாது. அடுத்து, கடக்கும் இடத்தில் மட்டும் நில்லுங்கள். அதன்பின் ஒரு தோழனோடு அனுப்பலாம்.

உள்ளாட்சியிடம் கேட்கும்போது 'பாதுகாப்பான சாலை' என்று பொதுவாக எழுதினால் கோப்பு நகராது. கடக்கும் இடத்துக்கு முன் 6 மீட்டருக்குப் பார்க்கிங் தடை, நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய கடவை, தெருமுனை வளைவைக் குறுக்குதல் என்று இடத்தைக் குறித்துப் புகைப்படத்தோடு கேளுங்கள். முனை குறுகினால் வண்டி வேகத்தைக் குறைக்காமல் திரும்பவே முடியாது.