ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை

1970களில் அமெரிக்க ரத்த வங்கிகளுக்குத் தீராத தலைவலி ஒன்று இருந்தது. கல்லீரல் அழற்சியை (ஹெபடைடிஸ்) உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உள்ள ரத்தத்தைச் சோதித்து ஒதுக்கிய பிறகும், ரத்தம் ஏற்றிக்கொண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்துகொண்டே இருந்தது. காரணம் ஹெபடைடிஸ் ஏ வைரஸும் அல்ல என்று 1975இல் தெரிந்தது. கிருமி கண்ணில் படாததால், 'ஏ-யும் அல்லாத, பி-யும் அல்லாத ஹெபடைடிஸ்' என்றே நோய்க்குப் பெயர் வைத்தார்கள். பெயரா அது, கைவிரிப்பு!

கைரான் என்ற அமெரிக்க உயிர்த்தொழில்நுட்ப நிறுவனத்தில் மைக்கேல் ஹௌட்டன் குழு வேறு பக்கமிருந்து தேடியது. தொற்றுள்ள சிம்பன்சியின் பிளாஸ்மாவில் கிடைத்த மரபுப்பொருளைத் துண்டுதுண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் உரிய புரதத்தை பாக்டீரியாவில் தயாரிக்க வைத்தார்கள். எந்தத் துண்டு வைரஸுடையது? அதை நோயாளியின் சீரத்திடமே (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) கேட்டார்கள். நோயாளியின் உடல் அந்த வைரஸை ஏற்கெனவே சந்தித்து, அதை எதிர்க்கும் புரதமான ஆன்டிபாடியை உண்டாக்கியிருக்கும். தனக்குரிய புரதத்தைக் கண்டால் அது ஒட்டிக்கொள்ளும். சுமார் பத்து லட்சம் குளோன்களை, அதாவது ஆளுக்கொரு துண்டைச் சுமந்த பாக்டீரியாக் கூட்டங்களை, சலித்ததில் ஒரே ஒரு வைரஸ் துண்டு சிக்கியது. இப்படித்தான் 1989இல் ஹெபடைடிஸ் சி வெளிப்பட்டது. அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ஹார்வி ஆல்டர் பல வருடங்களாக உறையவைத்துக் காத்த ரத்த மாதிரிகள், அடையாளம் மறைக்கப்பட்டு, இந்த வைரஸுக்கான ஆன்டிபாடியைத் தேடும் புதிய சோதனைக்குத் தேர்வுத்தாள் ஆயின. சோதனை தேறியது. 1990இல் ரத்த வங்கிகளுக்கு வந்தது. ஆல்டர், ஹௌட்டன், இந்த வைரஸ் மட்டுமே நோயை உண்டாக்கும் என்று காட்டிய சார்லஸ் ரைஸ் மூவருக்கும் 2020இல் நோபல் பரிசு.

வேட்டைக்கு உதவிய அதே ஒட்டுதல்தான், ரத்தத்தில் ஆன்டிபாடியைத் தேடும் எலிசா சோதனையிலும் வேலை செய்கிறது. 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் வைரஸ் புரதத்தைப் பூசி, அதன்மேல் சீரத்தை விடுவார்கள். ஆன்டிபாடி இருந்தால் ஒட்டும். அப்புறம் கழுவ வேண்டும். இது சின்ன வேலையில்லை. சரியாகக் கழுவாவிட்டால் சும்மா தங்கிவிட்டதெல்லாம் பொய்யாக நிறம் காட்டும். அடுத்து, மனித ஆன்டிபாடியைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடியை, நொதி ஒன்றைக் கோத்து விடுவார்கள். மறுபடி கழுவிவிட்டு நிறமூட்டும் வேதிப்பொருளைச் சேர்த்தால், அந்த நொதியால் குழி நிறம் மாறும்.

சரி, நிறம் மாறினால் நோய் இருக்கிறது என்று பொருளா? இல்லை. சி தொற்றியவர்களில் நூற்றுக்குச் சுமார் 30 பேர் மருந்தில்லாமலே வைரஸை விரட்டிவிடுகிறார்கள். ஆன்டிபாடி மட்டும் பல வருடம் தங்கிவிடும். அதனால் வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏ இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். இதற்கு நேரெதிரான சிக்கலும் உண்டு. தொற்றிய பின் ஆன்டிபாடி தென்படச் சராசரியாக 8 முதல் 11 வாரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் ரத்தம் கொடுப்பவரை எலிசா கோட்டைவிடும். 'நாட்' எனும் மரபணுச் சோதனை இந்த இடைவெளியை வெகுவாகக் குறைக்கிறது.

பி-யில் கதை தலைகீழ். அங்கே ரத்த வங்கி முதலில் தேடுவது ஆன்டிபாடியை அல்ல, வைரஸின் மேற்பரப்புப் புரதத்தை. அந்தப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் பெரும்பாலும் நல்ல செய்தி: குணமாகியிருப்பார், அல்லது தடுப்பூசி போட்டிருப்பார். இரண்டில் எது என்று அறிய வைரஸின் உட்புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைப் பார்ப்பார்கள். தடுப்பூசியில் உட்புரதம் கிடையாது. வைரஸே உடலுக்குள் வந்துபோனவரிடம்தான் அந்த ஆன்டிபாடி இருக்கும்.