கண்காட்சிக்கு மூலப்படம் வேண்டாம்

மறுபடியும் அதே கதை. ஒரு கண்காட்சியில் பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்றை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அழுத்திக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். சுற்றி வந்து பார்க்கலாம், பின்பக்கக் கையெழுத்தையும் படிக்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் கழற்றும்போது படம் கண்ணாடியை விட்டு வரவில்லை. முகத்தின் மேல் நனைந்தாற்போல் பளபளக்கும் ஒரு திட்டு. யாரோ ஓரத்தைப் பிடித்து இழுத்தும் பார்த்திருக்கிறார்கள். கன்னத்தில் பாதி இப்போது கண்ணாடியில் இருக்கிறது.

ஈரப்பதம் ஏறினால் படத்தின் மேல் படலமாக இருக்கும் ஜெலட்டின் என்ற பசைப்பொருள் இளகும், இளகினால் ஒட்டும். இடையில் அட்டை வைத்து இடைவெளி விட்டிருந்தால் போதும்.

சட்டகம் இல்லாமல் படங்களை வைப்பதற்கு நான் எதிரி அல்ல. 1955-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைக்கன் 503 படங்களைச் சட்டகமின்றிக் காட்டினார். சில கூரையிலிருந்து தொங்கின, சில சுவர் அளவுக்கு நின்றன. ஆனால் அவை அந்தக் கண்காட்சிக்கென்றே அச்சிடப்பட்டவை. ஜெர்மானியப் புகைப்படக் கலைஞர் வொல்ஃப்காங் டில்மான்ஸ் படங்களை நாடாவாலும் கிளிப்பாலும் சுவரில் மாட்டுகிறார் என்றால், அவை அவரே திரும்ப அச்சிட்டுக்கொள்ளக்கூடிய படங்கள். உங்கள் கையில் இருப்பது நெகட்டிவ் தொலைந்துபோன ஒரே பிரதி.

என்னை மிகவும் சோதிப்பது இன்னொரு நம்பிக்கை: "எல்.இ.டி. விளக்குதானே, புற ஊதாக் கதிர் இல்லை, படம் மங்காது." மங்கும். புற ஊதாக் கதிர் கேட்டை விரைவுபடுத்துகிறது, அவ்வளவுதான். நாம் படத்தைப் பார்க்க உதவும் அதே வெளிச்சமும் வண்ணச் சாயங்களைச் சிதைக்கிறது. வண்ணப் படங்களுக்கு 50 லக்ஸ் (மேற்பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று அருங்காட்சியகங்கள் கட்டுப்படுத்துவது இதனால்தான். 50 லக்ஸில் 1,000 மணி நேரம் படும் வெளிச்சமும் 500 லக்ஸில் 100 மணி நேரம் படும் வெளிச்சமும் கணக்கில் ஒன்றே. இருட்டில் வைத்தால் படம் தேறிவிடும் என்கிறார்கள். தேறாது. முந்தைய கண்காட்சியில் பட்ட வெளிச்சத்தின் மேல்தான் அடுத்த கண்காட்சியின் வெளிச்சம் சேர்கிறது. இதைக் கண்ணால் பார்த்தும் பிடிக்க முடியாது. எல்லா வண்ணமும் மெல்ல வெளுக்கும்போது ஒப்பிட எதுவும் இருப்பதில்லை. சட்டகத்தைக் கழற்றி, அதன் விளிம்பு மறைத்திருந்த பட்டையைப் பார்க்கும்போதுதான் பழைய நிறம் தெரிகிறது, வயிறு எரிகிறது.

ஆகவே, முதலில் மூலப்படத்தை நல்ல தரத்தில் ஸ்கேன் செய்யுங்கள். அந்தப் பிரதியைத் துணியில் அச்சிடுங்கள், சன்னலில் ஒட்டுங்கள், தரையில் விரியுங்கள், உங்கள் கற்பனைக்கு நான் குறுக்கே வரவில்லை. மூலத்தைக் காட்டியே தீர வேண்டுமென்றால் குறைந்த வெளிச்சம், குறைந்த நாட்கள், மூலைகளை மட்டும் பிடிக்கும் காகித முக்கோணங்கள். ஒட்டும் நாடா கூடவே கூடாது, அதன் பசை மஞ்சளித்துக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். பி.வி.சி. பிளாஸ்டிக் உறை வேண்டாம். பின்னொளிப் பெட்டியின் மேல் பழைய படத்தைக் கிடத்த வேண்டாம்.

ஏற்கெனவே ஒட்டிப்போயிருந்தால், கெஞ்சிக் கேட்கிறேன், இழுக்காதீர்கள். தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், கத்தி விட்டு நெம்பாதீர்கள். கண்ணாடி உடைந்திருந்தாலும் பரவாயில்லை, துண்டுகளோடு அப்படியே அட்டையில் கிடத்தி, புகைப்படப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் எடுத்துச் செல்லுங்கள். கிளம்புவதற்கு முன் கண்ணாடியின் வழியாகவே ஒரு படம் எடுத்துவையுங்கள்.