ஸ்லோ நிற்காத பழைய பைக்: கார்புரேட்டரைக் கழற்றும் முன்

சிக்னலில் நின்றதும் பழைய பைக் குலுங்கிக் குலுங்கி ஆஃப் ஆகிறதா? பல பட்டறைகளில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஸ்லோ ஸ்க்ரூவை இரண்டு திருப்பு திருப்பி ரேஸை ஏற்றிவிடுவார்கள். வண்டி ஆஃப் ஆகாது, ஆளும் சந்தோஷமாகக் கிளம்பிவிடுவார். அப்புறம் முதல் கியர் போடும்போதெல்லாம் ‘டக்’கென்று இடிக்கும், மைலேஜ் குறையும். கோளாறு மட்டும் அப்படியே உள்ளே இருக்கும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பைக்குகள் ஏறக்குறைய எல்லாமே இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. நான் இங்கே பேசுவது அதற்கு முந்தைய கார்புரேட்டர் வண்டிகளைப் பற்றி.

வண்டியைக் கொண்டுவருபவரிடம் முதலில் நான் கேட்பது, “எப்போ ஆடுது?” என்றுதான். காலையில் மட்டுமா, சூடானதுக்கு அப்புறமா, மழையில் நனைந்த பிறகா? ஹேண்டிலைத் திருப்பினால் ரேஸ் மாறுகிறதா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால் ஆக்சிலேட்டர் கேபிளை மட்டும் பார்த்தால் போதும், வேறு எதையும் கழற்ற வேண்டாம். காலையில் சோக் போடாமல் நிற்கவே மாட்டேன் என்று அடம்பிடித்து, சூடானதும் ஒழுங்காக ஓடினால், ஸ்லோ ஜெட்டில் (ஸ்லோவில் நிற்கும்போது பெட்ரோல் விடும் சின்னத் துளையுள்ள பித்தளைத் துண்டு) அடைப்பு இருக்கலாம், அல்லது எங்கோ காற்று இழுக்கிறது.

இதற்கு நேர்மாறானதுதான் அதிகம் ஏமாற்றும். காலையில் அருமையாக நிற்கும். டவுனுக்குள் போய் இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஒவ்வொரு சிக்னலிலும் ஆஃப் ஆகும். அப்படி ஒரு 100 சிசி வண்டி வந்தது. பல இடங்களில் கார்புரேட்டர் கழுவியாகிவிட்டது, பிளக் புதுசு, ஏர் ஃபில்டரும் புதுசு. “இன்ஜின்ல ஒரு சத்தம் கிடையாதுண்ணே, அவ்வளவு ஸ்மூத்” என்று அந்தத் தம்பி பெருமையாக வேறு சொன்னார். எனக்கு அந்த இடத்தில்தான் சந்தேகம் வந்தது. வண்டியை இரவு விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். டேப்பட், அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவில் உள்ள இடைவெளி, பார்க்க இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை மேக்னட் கவரில் உள்ள மூடிகளைக் கழற்றி, கிராங்கைத் திருப்பி ‘டி’ குறியை நேராக வைத்தேன். பிஸ்டன் கம்ப்ரெஷனில் மேலே நிற்கும்போது இன்லெட், எக்ஸாஸ்ட் என்று இரண்டு வால்வுகளின் ராக்கரும் கையால் ஆட்டினால் லேசாக ஆட வேண்டும். இன்லெட் ஆடியது. எக்ஸாஸ்ட் அசையவே இல்லை. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் இருக்கிறதிலேயே மெல்லிய தகடுகூட உள்ளே போகவில்லை. இந்த வகை வண்டிகளில் அந்த இடைவெளி பெரும்பாலும் 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர்தான். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும், அதைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

வால்வு தேயத் தேய அது ஹெட்டுக்குள் இறங்கும். அதன் தண்டு மேலே ராக்கரை நெருங்கி இடைவெளியைத் தின்றுவிடும். சூடேறும்போது தண்டு இன்னும் நீளும், வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரெஷன் கசியும். ரேஸில் ஓடும்போது கசியவே நேரம் கிடையாது, அதனால் தெரியாது. ஸ்லோவில்தான் மாட்டிக்கொள்ளும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்குவதே மூடி உட்காரும்போதுதான். அது நடக்காவிட்டால் ஓரம் எரிந்து ஹெட் வேலை வரைக்கும் போகும். டேப்பட் லேசாகச் சத்தம் போட்டால் நான் பயப்பட மாட்டேன். அடியோடு சத்தம் நின்ற பழைய இன்ஜினைத்தான் சந்தேகப்படுவேன். அந்த வண்டிக்கு இடைவெளியைச் சரியாக வைத்ததோடு சரி, புதுப் பொருள் எதுவும் போடவில்லை.

அடுத்தது காற்று. கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ரப்பர் பத்துப் பதினைந்து வருடத்தில் வெடித்துவிடும். ரேஸ் கொடுத்து விட்டதும் சட்டென்று இறங்காமல் இழுத்துக்கொண்டு இறங்கினால் அங்கே பாருங்கள். வண்டி ஓடும்போது சோப்புத் தண்ணீரை அந்த இணைப்பில் தெளித்தால், ஓட்டை இருந்தால் ரேஸ் மாறும். சிலர் இதற்குப் பெட்ரோலைத் தெளிக்கிறார்கள். சூடான சைலென்சர் பக்கத்தில் அந்த விளையாட்டு வேண்டாம். டூ ஸ்ட்ரோக் வண்டியாக இருந்தால் கிராங்க் ஆயில் சீலையும் சேர்த்துச் சந்தேகப்படுங்கள்: மேக்னட் பக்கம் போனால் காற்று இழுக்கும், கிளட்ச் பக்கம் போனால் கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகை தள்ளும்.

மழைக்காலத்தில் தண்ணீர். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் ஓர் அளவுக்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டிகளில் இது சகஜம். இன்ஜின் ஆறிய பிறகு, திறந்த இடத்தில், கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். அடியில் தனிப் படலமாகவோ முத்து முத்தாகவோ நின்றால் டேங்கையே காலி செய்ய வேண்டியதுதான்.

பிளக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம். பிளக்கை மாற்றுபவர்கள் அதன் மேல் மாட்டும் கேப்பை (மூடியை) மறந்துவிடுகிறார்கள். மழையில் மட்டும் மிஸ் ஆகிற வண்டியில் பெரும்பாலும் அந்த மூடிதான் காரணம்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் கார்புரேட்டர். ஸ்லோ ஜெட்டை கிளட்ச் கேபிளின் கம்பி இழையால் குத்தாதீர்கள், யாரையும் குத்த விடாதீர்கள். அது பித்தளை, கம்பி ஸ்டீல். துளை பெரிதானால் அந்த ஜெட் குப்பைக்குத்தான். கிளீனர் அடித்துக் காற்று ஊதினால் போதும். அப்புறம் காற்று-பெட்ரோல் கலவையை அமைக்கும் மிக்சர் ஸ்க்ரூ. இன்ஜின் பக்கம் இருந்தால் வெளியே திருப்பத் திருப்பப் பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்று கூடும். இது தெரியாமல் திருப்புவதால்தான் பாதி வண்டிகள் கெடுகின்றன. இன்ஜினைச் சூடாக்கி, ரேஸ் உச்சத்துக்கு வரும் இடத்தில் மிக்சரை நிறுத்தி, கடைசியாக ஸ்லோ ஸ்க்ரூவால் 1,400 ஆர்பிஎம் பக்கம் இறக்குங்கள். புல்லட் மாதிரிப் பெரிய இன்ஜினுக்கு இதைவிடக் குறைவு.

மிக்சர் சரியாக அமைந்ததா என்று பார்க்க ஒரு சுலப வழி உண்டு. புகைச் சோதனை எடுப்பதே ஸ்லோவில்தான். 2000 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பிஎஸ்-4க்கு முந்தைய பைக்குக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 3.5 சதவீதம். சான்றிதழை மடித்துப் பையில் வைக்கும் முன் அந்த எண்ணைப் பாருங்கள். வரம்பை ஒட்டி இருந்தால் வண்டி பாஸ் ஆகியிருந்தாலும் பெட்ரோலை அதிகம் குடிக்கிறது. அந்தச் சீட்டோடு மெக்கானிக்கிடம் போங்கள்.