லாங்யேர்பியனில் சாவதற்குத் தடையா?

"நார்வேக்கு வடக்கே ஓர் ஊரில் யாரும் சாகக் கூடாதாம், அதற்குச் சட்டமே இருக்கிறதாம், உண்மையா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வாட்ஸ்அப்பில் வந்ததாம். அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஆனால் அந்த ஊர்க் கல்லறையில் சவப்பெட்டிகளைப் புதைப்பதை 1950 வாக்கிலேயே நிறுத்திவிட்டார்கள் என்பது உண்மை. காரணம், அந்த மண்.

ஊரின் பெயர் லாங்யேர்பியன். ஸ்வால்பார் தீவுக்கூட்டத்தில், 78 டிகிரி வடக்கில் இருக்கிறது. 1906-இல் ஜான் லாங்யேர் என்ற அமெரிக்கர் நிலக்கரிக்காக உண்டாக்கிய ஊர். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, கடைசியாக மிஞ்சிய ஏழாம் எண் சுரங்கமும் 2025-இல் நின்றுபோனது. நிலக்கரித் தொட்டிகளைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டுத் துறைமுகத்துக்கு அனுப்பிய மரத்தூண்கள் மட்டும் இன்னும் பள்ளத்தாக்கில் நிற்கின்றன. 1946-க்கு முந்தைய மனிதச் சுவடு எதுவானாலும், துருப்பிடித்த இரும்புத் துண்டானாலும், அங்கே சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னம். ஊரை ஒட்டியே குட்டைக்கால் கலைமான்கள் பாசியும் புல்லும் மேய்கின்றன.

அடியில் இருப்பது நிரந்தர உறைமண். கோடையில் மேலே ஒரு மீட்டர் அளவு மட்டும் இளகும், குளிர்காலத்தில் மறுபடி உறையும். இந்த மேல்மண்தான் புதைத்ததையெல்லாம் வெளியே தள்ளப் பார்க்கிறது.

எப்படி? தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருக்கும், ஃப்ரீசரில் வைத்த பாட்டில் வெடிப்பதும் அதனால்தான் என்று பள்ளியில் படித்தோம். மண் உயர்வதற்கும் அதுதான் காரணம் என்று வெகுகாலம் நம்பினார்கள். ஸ்டீபன் டேபர் என்ற அமெரிக்கப் புவியியலாளர் இதைச் சோதிக்கத் தண்ணீருக்குப் பதில் பென்சீனை மண்ணில் ஊற்றி உறையவைத்தார். பென்சீன் உறைந்தால் சுருங்கும். அப்படியும் மண் மேலே எழும்பியது! எனக்கு அறிவியலில் மிகவும் பிடித்த சோதனைகளில் இது ஒன்று. 1930-இல் அவர் இதை விளக்கி எழுதினார். "பென்சீனை உறையவைத்து என்ன பயன்?" என்று கேட்கும் நிதிக்குழுவிடம் இந்தச் சோதனை தேறியிருக்காது. இப்படிப்பட்ட கேள்விகளுக்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

சரி, மண்ணைத் தூக்குவது எது? பூஜ்ஜியத்துக்குக் கீழே போனாலும் மண்துகளைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் ஒன்று உறையாமல் நிற்கும். குளிர் கூடக்கூட அந்தப் படலம் மெலியும், மெலிந்த இடம் கீழே இருக்கும் ஈரத்தை இழுக்கும். விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரிதான். ஏறிவந்த தண்ணீர் உறைந்து, தெளிவான பனித்தகடாக வளர்ந்துகொண்டே போய்த் தன் தலைமேல் இருக்கும் மண்ணை முழுதாகத் தூக்கிவிடும். மணலுக்கு இழுக்கும் வலு போதாது. களிமண்ணில் இழுப்பு உண்டு, ஆனால் தண்ணீர் ஊர்ந்துதான் வரும். இரண்டுக்கும் இடைப்பட்ட வண்டல்தான் வசதி.

தூண் ஒன்று நட்டிருந்தால், உறைந்த மேல்மண் அதைக் கவ்விக்கொண்டே உயரும். அடியில் விழும் வெற்றிடத்தில் சேறு வந்து அடையும். கோடையில் பனி கரைந்து மண் இறங்கினாலும் தூணுக்குப் பழைய இடம் இருக்காது. ஆண்டுக்கு ஒரு சிறு ஏற்றம், அவ்வளவுதான். கற்களும் இப்படித்தான் மேலே வருகின்றன. ஸ்வால்பாரின் க்வாடெஹூக் சமவெளியில் யாரோ அடுக்கிவைத்தது போலக் கல்வட்டங்கள் வரிசையாகக் கிடக்கும். அவற்றை அடுக்கியது பேயுமில்லை, வேற்றுக்கிரகவாசியுமில்லை. உறைந்து இளகும் மண்.

சவப்பெட்டிக்கும் இதே கதிதான். 1918 அக்டோபரில், சுரங்க வேலைக்கு வந்த ஏழு இளைஞர்கள் இன்ஃப்ளுயன்சாவில் இறந்து இங்கே புதைக்கப்பட்டார்கள். உறைமண்ணில் உடல்கள் கெடாமல் இருந்தால் அந்த வைரஸைப் படிக்கலாம் என்று 1998-இல் கனடாவின் கிர்ஸ்டி டங்கன் தலைமையில் ஒரு குழு தோண்டியது. பெட்டிகள் ஒரு மீட்டர் ஆழம்கூட இல்லை. ஆண்டுதோறும் இளகி உறையும் மேல்மண்ணிலேயே கிடந்தன, உடல்கள் கெட்டுப்போயிருந்தன. உறைந்துபோன தரையில் அன்று ஆழமாகத் தோண்டுவதும் பெரும்பாடாக இருந்திருக்கும்.

இன்று அங்கே அனுமதி பெற்றுச் சாம்பல் கலசத்தைப் புதைக்கலாம்.