நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி எப்படிக் காலியாகிறது?

புதுச்சேரி ரெயின்போ நகரிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “போன மழையில் சக்கரம் மூழ்கத் தண்ணீர் நின்றது. அதிலிருந்து இரண்டு மூன்று நாள் காரை எடுக்காமல் விட்டால் செல்ஃப் எடுப்பதில்லை. பேட்டரி புதுசு. ஆனாலும் அதையே மாற்றச் சொல்கிறார்கள். வீட்டில் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டும் பார்த்தாயிற்று.”

எலுமிச்சையும் வேண்டாம், இன்னொரு பேட்டரியும் வேண்டாம். முதலில் அளந்து பாருங்கள். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை வரும். வராவிட்டால் பெல்ட், அது சுற்றிவிட்டு பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ, வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் என்று தேட வேண்டியதுதான்.

ஓடும்போது சார்ஜ் ஏறி, நிற்கும்போது இறங்கினால் விஷயம் வேறு. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி நடுவில் மீட்டரை ஆம்பியரில் வையுங்கள். அப்புறம் செல்ஃப் அடிக்கக் கூடாது, மீட்டர் போய்விடும். வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்க அரை மணி நேரம் விட்டால் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் வந்து நிற்க வேண்டும். அரை ஆம்பியர் போனால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி. சின்ன காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று நாள் தாங்காது. உள்ளே இருக்கும் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியும் குறையவில்லையென்றால் சந்தேகம் டைனமோ மேல்தான். அதன் தடித்த வயர் அந்தப் பியூஸ் பெட்டிக்குள் வருவதே இல்லை.

டைனமோவின் மூன்று சுருள்கள் தருவது மாறுதிசை மின்சாரம். பேட்டரிக்கு வேண்டியது நேர்த்திசை மின்சாரம். நடுவில், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஆறு சிலிக்கான் டையோடுகள். கிணற்று மோட்டாரின் புட்வால்வு மாதிரி இவை: மோட்டார் நின்றாலும் குழாயில் ஏறிய தண்ணீர் இறங்காது. வால்வு தேய்ந்தால்? பிளஸ் பக்க டையோடு ஒன்று கெட்டதும் பேட்டரி மின்சாரம் சுருளுக்குள் திரும்பி நுழைகிறது. அங்கே அது எர்த்துக்கு, அதாவது பேட்டரியின் மைனஸ் பக்கத்துக்கு, வழி தேடுகிறது. இன்னொரு டையோடும் கசிந்தால் அதன் வழியே போகும். இல்லாவிட்டால், பல டைனமோக்களில் உள்ளே சுழலும் ரோட்டரைக் காந்தமாக்கும் சுற்று வழியே போகும். அப்படிப் போனால் நிற்கிற வண்டியில் ரோட்டர் சும்மா காந்தமாகவே இருக்கும்! சாவியை எடுத்த பிறகு டைனமோவின் பின்பக்க பேரிங் அருகே ஸ்க்ரூடிரைவரை நீட்டிப் பாருங்கள், கையிலிருந்து இழுக்கும். காலையில் தொட்டால் டைனமோ வெதுவெதுப்பாகக்கூட இருக்கும். கண்ணுக்குத் தெரியாத கசிவு கைக்குத் தெரிகிற இந்த இடம் எனக்கு எப்போதுமே பிடிக்கும். ஸ்க்ரூடிரைவர் இழுபடாவிட்டால், இன்ஜினை ஓடவிட்டு மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பேட்டரியில் அளக்கலாம். அரை வோல்ட்டைத் தாண்டினால் டையோடு சரியில்லை.

சூடு தணிய டைனமோவில் திறந்த துளைகள் உண்டு. வெள்ளமும் கடற்கரையின் உப்புக் காற்றும் உள்ளே போவது அவற்றின் வழியாகத்தான். இன்னொரு பேட்டரியிலிருந்து ஸ்டார்ட் செய்ய மாட்டும் ஜம்பர் கேபிளில் பிளஸ்-மைனஸ் மாறினாலும் டையோடுகள் நொடியில் போய்விடும். இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி டைனமோவைச் சோதிக்கும் பழைய வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் டையோடையும் கம்ப்யூட்டரையும் சேர்த்தே கொல்லும். டையோடுதான் என்று தெரிந்தால், டையோடு பிளேட்டை மட்டும் மாற்ற முடியுமா என்று ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். பல டைனமோக்களில் முடியும்.