இறந்தவர்கள் எத்தனை பேர்? ஈராக் போரின் கணக்கும் வீடு வீடாகக் கேட்கும் கேள்வியும்

சமூக மருத்துவத் துறையில் பணியாற்றும் நான், கையில் படிவத்துடன் வீடு வீடாகச் சென்று, "கடந்த ஓராண்டில் இந்த வீட்டில் யாராவது இறந்திருக்கிறார்களா?" என்று கேட்கும் ஆய்வுகளில் பல ஆண்டுகள் ஈடுபட்டிருக்கிறேன். கேள்வி எளிமையானது, பதில் அப்படியல்ல. ஒரு கிராமத்தில், இறப்பு எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பிய ஒரு பெண், நாங்கள் அடுத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த பிறகு பின்னாலேயே வந்து, "பொறந்து ஒரு ராத்திரி மட்டும் இருந்துச்சே, அதையும் எழுதணுமா டாக்டரம்மா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பெயர் வைக்கப்படாத அந்தக் குழந்தை, தாய் எழுந்து வந்ததால்தான் எங்கள் படிவத்தில் இடம்பெற்றது. இறப்புக் கணக்கு என்பது யார் கேட்டார், எப்படிக் கேட்டார், பதில் சொல்ல யார் மிஞ்சியிருந்தார் என்பவற்றைப் பொறுத்தே அமைகிறது.

போர்ச் சாவுகளைப் பற்றிய விவாதங்களில் இந்த அடிப்படை மறக்கப்படுகிறது. ஒருவர் ஓர் எண்ணைச் சொல்கிறார், மற்றவர் அதில் பத்தில் ஒரு பங்கைச் சொல்கிறார், கேட்பவர் தம் அரசியலுக்கு ஒத்துவரும் எண்ணை எடுத்துக்கொள்கிறார். என் மாணவர்களுக்கு இதை விளக்க நான் எப்போதும் எடுத்துக்கொள்வது, 2003 மார்ச்சில் அமெரிக்காவும் பிரிட்டனும் படையெடுத்துத் தொடங்கிய ஈராக் போரைத்தான். ஒரு போர் நடந்துகொண்டிருக்கும்போதே அதன் உயிரிழப்பைப் பல முறைகளில் பல குழுக்கள் அளந்ததும், அந்த அளவீடுகளே பெரும் பொதுச் சர்ச்சையாக மாறியதும் அங்கு நடந்தன.

படைகளுக்குத் தலைமை தாங்கிய அமெரிக்கத் தளபதி டாமி ஃபிராங்க்ஸ், அதற்கு முன்பே ஆப்கானிஸ்தான் போரின்போது, "நாங்கள் பிணங்களை எண்ணுவதில்லை" என்று சொல்லியிருந்தார். அரசுகள் எண்ண முன்வராத நிலையில், பிரிட்டனைச் சேர்ந்த தன்னார்வலர்கள் சிலர் 'ஈராக் பாடி கவுண்ட்' என்ற பதிவைத் தொடங்கினார்கள். செய்தி நிறுவனங்களின் அறிக்கைகள், பிணவறை மற்றும் மருத்துவமனைக் குறிப்புகள் ஆகியவற்றிலிருந்து பொதுமக்களின் வன்முறைச் சாவுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். 2005 டிசம்பரில் அதிபர் புஷ்ஷிடம் எத்தனை ஈராக்கியர்கள் இறந்தார்கள் என்று கேட்டபோது, "ஏறக்குறைய 30,000" என்றார். அப்போது பொதுவெளியில் இருந்த பதிவுகளை ஒட்டிய எண் அது.

ஆனால் செய்தியாளர் போக முடியாத தெருவில் இறந்தவர் செய்தியில் வருவதில்லை. இது நம் ஊர் அனுபவத்துக்கும் பொருந்தும்: மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் வைத்து ஒரு வட்டாரத்தின் இறப்பைக் கணக்கிட்டால், வீட்டில் இறந்த முதியவர்களும் வழியில் இறந்தவர்களும் விடுபட்டுப்போவார்கள். அதனால்தான் வீடுகளுக்கே சென்று கேட்கிறோம். எல்லா வீடுகளுக்கும் போக முடியாது என்பதால், மக்கள்தொகைக்கேற்பச் சில ஊர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் அடுத்தடுத்த சில வீடுகளில் விசாரிக்கிறோம். தடுப்பூசி எத்தனை குழந்தைகளுக்குப் போடப்பட்டது என்று பார்க்க உலக சுகாதார நிறுவனம் பரப்பிய இந்தக் கொத்து முறையை, கிளஸ்டர் சர்வே என்ற பெயரில் மருத்துவக் கல்லூரி மாணவர் எவரும் படித்திருப்பார்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஈராக்கிய மருத்துவர்களும் 2004 செப்டம்பரில் இதே முறையில்தான் 33 கொத்துகளில் ஏறத்தாழ 1,000 வீடுகளுக்குச் சென்றார்கள். படையெடுப்புக்கு முந்தைய இறப்பு விகிதத்தையும் பிந்தைய விகிதத்தையும் ஒப்பிட்டு, போர் இல்லாதிருந்தால் நேர்ந்திருக்காத 'கூடுதல் இறப்புகள்' சுமார் 98,000 என்று லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழில் வெளியிட்டார்கள். கடும் சண்டை நடந்த ஃபலூஜா நகரில் கிடைத்த விவரங்கள் மிக அதிகமாக இருந்ததால், அந்தக் கொத்தை ஒதுக்கிவிட்டே இந்த எண்ணைக் கணித்தார்கள். அதைச் சேர்த்திருந்தால் மதிப்பீடு மிகவும் உயர்ந்திருக்கும்.

இந்த மதிப்பீட்டின் நம்பக இடைவெளி, அதாவது உண்மையான எண் அடங்கியிருக்கக்கூடும் என்று கணித்த எல்லை, 8,000 முதல் 1,94,000 வரை இருந்தது. இவ்வளவு அகலமான எல்லையைக் கண்டதும், இது கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல் என்று கேலி செய்தார்கள். நான் மிகவும் வருந்தும் இடம் இது, ஏனென்றால் படித்தவர்களே இதில் தவறினார்கள். 8,000-மும் 98,000-மும் சமமாக நடந்திருக்கக்கூடியவை என்று அந்த இடைவெளி சொல்லவில்லை. நடுவிலுள்ள எண்களே தரவுகளோடு அதிகம் பொருந்துகின்றன, ஓரங்களுக்குச் செல்லச் செல்லப் பொருத்தம் குறைகிறது. கொத்துகள் குறைவாகவும், ஊருக்கு ஊர் சாவு பெருமளவு வேறுபடுவதாகவும் இருந்தால் எல்லை அகலத்தான் செய்யும். தடுப்பூசி ஆய்வில் இதே அகலத்தை நாங்கள் எழுதினால் யாரும் எங்களைப் பொய்யர் என்பதில்லை.

2006-இல் அதே குழு மீண்டும் சென்றது. 47 கொத்துகள், 1,849 வீடுகள், 12,801 பேர். அந்த ஆண்டு ஜூலை வரை 6,54,965 கூடுதல் இறப்புகள், அவற்றில் சுமார் ஆறு லட்சம் வன்முறையால் நேர்ந்தவை என்பது முடிவு. இடைவெளி 3,92,979 முதல் 9,42,636 வரை. இது நம்பத்தக்க அறிக்கை என்று தாம் கருதவில்லை என்று புஷ் உடனே தள்ளிவிட்டார். பிரிட்டன் அரசும் ஏற்கவில்லை. ஆனால் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் தலைமை அறிவியல் ஆலோசகரே, ஆய்வின் முறை சிறந்த நடைமுறைக்கு நெருக்கமானது என்று உள்ளுக்குள் குறிப்பு எழுதியிருந்தது, தகவல் அறியும் சட்டத்தின் வழியே 2007-இல் வெளிவந்தது.

அந்த ஆய்வில் ஒரு விவரம் என்னை நீண்ட நாள் யோசிக்க வைத்தது. இறப்புச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்ட 545 இறப்புகளில், 501-க்குக் குடும்பத்தார் எடுத்துக் காட்டினார்கள். நம் ஊரிலும் சான்றிதழ் கேட்டால், சாமி படத்துக்குப் பின்னாலிருந்தோ டிரங்குப் பெட்டிக்குள்ளிருந்தோ, ரேஷன் அட்டையும் வங்கிப் புத்தகமும் சுருட்டி வைத்த பிளாஸ்டிக் பையிலிருந்து அது வெளிவரும். வாரிசுச் சான்றிதழுக்கு அது இல்லாமல் ஆகாது. எனவே ஈராக்கிய வீடுகளில் அவை இருந்ததில் எனக்கு வியப்பில்லை. ஆனால் அத்தனை சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்தால் அரசிடம் ஏன் அந்தக் கணக்கு இல்லை என்ற எதிர்க்கேள்வி நியாயமானது. உள்ளூரில் ஒருவர் கையெழுத்திட்டுக் கொடுப்பதும், அது தலைநகரில் தொகுக்கப்படுவதும் வேறு வேறு வேலைகள், போரில் முதலில் அறுபடுவது இரண்டாவதுதான் என்பது பதிலின் ஒரு பகுதி. முழுப் பதில் அதுவல்ல என்றும் நினைக்கிறேன்.

ஈராக் பாடி கவுண்ட் குழுவினரே அந்த மதிப்பீட்டை எதிர்த்தார்கள். அது சரியென்றால், 2006-இன் முதல் பாதியில் நாள்தோறும் சராசரியாக ஆயிரம் பேர் கொல்லப்பட்டிருக்க வேண்டும், அதில் பத்தில் ஒன்றுகூடச் செய்தியாகவில்லை என்றாகும் என்றார்கள். வீடுகளைத் தேர்ந்த விதம் கார்குண்டுகள் வெடிக்கும் முக்கியச் சாலைகளின் பக்கம் சாய்ந்திருக்கலாம் என்ற விமர்சனமும் எழுந்தது. ஆய்வின் விவரங்களை முழுமையாகப் பகிரவில்லை என்று அமெரிக்காவின் பொதுக்கருத்து ஆய்வாளர் சங்கம் 2009-இல் ஆய்வுத் தலைவரைக் கண்டித்தது. போரை எதிர்த்த பலர் இவற்றையெல்லாம் அவதூறு என்று ஒதுக்கிவிட்டு ஆறரை லட்சத்தையே முழங்கினார்கள். அதுவும் தவறு, இறந்தவர்மீது அக்கறை உள்ளவருக்குத்தான் கணக்கைச் சரிபார்க்கும் கடமை அதிகம்.

அடுத்து, ஈராக் அரசும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 9,345 வீடுகளில் நடத்திய பெரிய ஆய்வு, 2006 ஜூன் வரை வன்முறைச் சாவுகள் மட்டும் சுமார் 1,51,000 என்றது. அரசு ஊழியர் வாசலில் நின்று கேட்கும்போது, மகன் எப்படிச் செத்தான் என்பதை எத்தனை தாய்மார்கள் உள்ளபடி சொல்லியிருப்பார்கள் என்ற ஐயம் எனக்கு உண்டு. 2010 அக்டோபரில், ரகசிய ஆவணங்களை அம்பலப்படுத்தும் விக்கிலீக்ஸ் இணையதளம் வெளியிட்ட அமெரிக்க ராணுவக் குறிப்புகளில் 2004 முதல் 2009 வரை 1,09,032 சாவுகள், அவற்றுள் 66,081 பொதுமக்கள், பதிவாகியிருந்தன. எண்ணுவதில்லை என்றவர்கள் எண்ணியிருக்கிறார்கள். அதில் ஏறத்தாழ 15,000 பொதுமக்களின் சாவு, அவ்வளவு கவனமாகத் தொகுத்த ஈராக் பாடி கவுண்ட்டுக்கே அதுவரை தெரியாதவை.

தொழில்முறையில் எனக்கு மிகவும் நெருக்கமானது 2011-இல் 2,000 வீடுகளில் நடத்தப்பட்டு 2013-இல் வெளிவந்த ஆய்வு. வீடு வீடாகக் கேட்பதில் ஆழமான ஒரு பிழை உண்டு: குடும்பம் முழுவதும் அழிந்த வீட்டில் கதவைத் திறக்க ஆள் இருக்காது, நாட்டைவிட்டு ஓடிய குடும்பமும் அங்கே இருக்காது. சுனாமிக்குப் பின் கடலோரக் குப்பங்களில் கணக்கெடுத்தவர்கள் இதை நேரில் கண்டிருப்பார்கள். இந்த ஆய்வாளர்கள், "உங்களுடன் பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் யார் உயிருடன் இருக்கிறார்கள்?" என்றும் சேர்த்துக் கேட்டார்கள். வீடு அழிந்தாலும் வேறு ஊருக்குக் கட்டிக்கொடுத்த அக்காவின் வாயிலிருந்து தம்பியின் சாவு வெளிவரும். வெளியேறிய குடும்பங்களையும் கணக்கில் கொண்டு, 2003 முதல் 2011 வரை சுமார் 4,60,000 கூடுதல் இறப்புகள் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். அவற்றில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் நேரடி வன்முறையால் நேர்ந்தவை. மற்றவை, சிதைந்த மருத்துவ வசதி, குடிநீர், போக்குவரத்து ஆகியவற்றின் வழியே வந்தவை. நெஞ்சுவலியோடு சோதனைச் சாவடியில் காத்திருந்து இறந்தவரை எந்தக் குண்டுக் கணக்கும் சேர்க்காது. நான் பணியாற்றும் துறை அவரைச் சேர்த்தே எண்ணும்.

என் கணிப்பைக் கேட்டால், 2004 ஆய்வு அநியாயமாகப் பழிக்கப்பட்டது, 2006-இன் எண் மிகையாக இருக்கலாம், செய்திகளிலிருந்து தொகுத்த எண்கள் கீழ்வரம்பு மட்டுமே, மொத்தம் பல லட்சங்களில்தான் இருந்தது என்பேன். ஆகவே ஒரு போரின் சாவு எண்ணைப் பார்க்கும் வாசகர், அது பெயர் பெயராகச் சேர்த்ததா அல்லது மாதிரி வீடுகளிலிருந்து கணித்ததா, பொதுமக்கள் மட்டுமா, எந்த மாதம் வரை, நேரடியாகக் கொல்லப்பட்டவர்கள் மட்டுமா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு அதை இன்னொரு எண்ணோடு ஒப்பிட வேண்டுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் பங்கேற்ற அந்த ஆய்வில், தேர்ந்தெடுத்த கொத்துகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கு ஆய்வாளர்களால் போகவே முடியவில்லை. பெரும்பாலும் அன்பார் மாகாணத்திலும் பாக்தாத்திலும் இருந்த, சண்டை மிகக் கடுமையாக நடந்த இடங்கள் அவை. அங்கே என்ன நடந்திருக்கும் என்பதைச் செய்திப் பதிவுகளின் விகிதத்தைக் கொண்டு ஊகித்து நிரப்பினார்கள்.